‘அக்கா, இது உங்களுக்கு வேண்டாம்’ என்று சொல்லியே 187,500 ரூபாவை வாங்கிக்கொண்டான்

நேற்று மாலை அந்தக் கடையின் பூட்டிய கதவைப் பார்த்துவிட்டு வந்தேன். இரவு முழுக்கத் தூக்கமில்லை. கோபம் ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும் என்று விடியற்காலையிலேயே உட்கார்ந்துவிட்டேன். ஆறிவிட்டால் நானும் ‘போனது போகட்டும்’ என்று இருந்துவிடுவேன். போனது 187,500 ரூபா. இரண்டு வருடச் சீட்டுப் பணமும், மாலை வகுப்பில் தொண்டை வறளக் கத்திச் சேர்த்ததும்.

கடையின் பெயரைப் போடவில்லை. போட்டால் சட்டத்தரணி, வழக்கு என்று இன்னும் செலவு வரும் என்று தம்பி தடுக்கிறான். மலையேற்றச் சாமான்கள் விற்கும் கடை. வெளிநாட்டு மலைப் பயணங்களுக்கு ஏற்பாடும் செய்து தருவதாகச் சொல்வார்கள். மலையகத்து நகரம் ஒன்றில், பஸ் நிலையத்துக்குப் பின்னால் இருக்கிறது. முகநூலில் பனிமலைப் படமாகப் போட்டுத் தள்ளுவார்கள். இவ்வளவு போதும், தெரிந்தவர்களுக்குத் தெரியும்.

வரும் ஒக்டோபரில் நானும் தம்பியும் நேபாளத்துக்குப் போய்த் தொரோங் லா கணவாயைக் கடப்பதாக இருந்தோம். அன்னபூர்ணா மலைகளைச் சுற்றிவரும் பாதையில் மிக உயரமான இடம் அதுதான், 5,416 மீற்றர். கணவாயைத் தாண்டி மறுபக்கம் ஏறத்தாழ 1,600 மீற்றர் இறங்கினால் முக்திநாத். கணவாய் என் ஆசை, முக்திநாத் அம்மாவின் ஆசை. 108 திவ்ய தேசங்களில் ஒன்றான சாளக்கிராமம் அதுதான் என்பது அம்மாவின் கணக்கு. அங்கே வரிசையாக விழும் 108 தாரைகளிலிருந்து ஒரு போத்தல் தீர்த்தம் கொண்டுவரச் சொல்லியிருந்தார். ஜீப்பிலும் போகலாம், விமானத்தில் ஜொம்சொம் வரை போயும் போகலாம். நான்தான் நடந்தே போவேன் என்று பிடிவாதம் பிடித்தேன்.

ஆறு மாதமாகப் பயிற்சி. பள்ளிக்கூடம் விட்டதும் தோட்டத்துப் படிகளில் பத்துக் கிலோ அரிசியை முதுகுப்பையில் போட்டுக்கொண்டு ஏறி இறங்கினேன். கொழுந்து நிறுத்துவிட்டு வரும் அக்காமார் “டீச்சருக்கு என்ன வேண்டுதலோ” என்று சிரித்தார்கள். பருவ காலத்தில் சிவனொளிபாதமலைக்கு இரண்டு தடவை. கால் தயார். சாமான் மட்டும்தான் இல்லை. அதற்குத்தான் அந்தக் கடைக்குப் போனோம்.

நம்பிய கணத்தைச் சொல்கிறேன், கவனமாகக் கேளுங்கள். நான் ஏமாந்தது அங்கேதான்.

இறகு வைத்துத் தைத்த குளிர்ச் சட்டை ஒன்று கண்ணாடி அலுமாரியில் தொங்கியது. விலை 48,000 ரூபா. நான் கையை வைத்தேன். கடைக்காரர் (அப்போது அவன் எனக்கு ‘அவர்’தான்) அதை என் கையிலிருந்து மெதுவாக வாங்கித் திரும்ப மாட்டினார். “அக்கா, இது உங்களுக்கு வேண்டாம். காத்மண்டுவில் தாமேல் என்று ஓர் இடம் இருக்கிறது. அங்கே நாள் வாடகைக்கு எடுக்கலாம். ஒரு தடவை போடுவதற்கு ஏன் இவ்வளவு காசைக் கொட்டுகிறீர்கள்?”

விற்கிற மனிதர் விற்க வேண்டாம் என்கிறார். தம்பியும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். பிளேன்டி வந்தது, இஞ்சி தட்டிப் போட்டது. தன் பாட்டியும் கொழுந்து எடுத்தவர்தான் என்றார். “மலைநாட்டுக்காரர்களுக்கு மலையேறச் சொல்லித்தர வேண்டுமா, அக்கா? நுவரெலியாக் குளிர் பழகிய உடம்பு இது” என்றார். எனக்குப் பெருமை தலைக்கேறியது. 48,000 ரூபாவை மிச்சப்படுத்திக் கொடுத்த மனிதருக்கு அன்று மாலைக்குள் 187,500 ரூபாவை எண்ணிக் கொடுத்துவிட்டேன். இரண்டு சோடி சப்பாத்துக்கு 56,000, இரண்டு தூக்கப்பைக்கு (குளிரில் உள்ளே புகுந்து தூங்கும் பை) 38,000, வழிகாட்டிக்கு முற்பணம் 45,000, விசாவுக்கு 24,000, காப்புறுதிக்கு 24,500. பற்றுச்சீட்டு ஒரு சின்னப் புத்தகத்திலிருந்து கிழித்தது. விலாசம் இல்லை, பதிவு இலக்கம் இல்லை, ‘சாமான் + சேவை’ என்று ஒரே வரி. இப்போது எடுத்துப் பார்த்தால் எனக்கே வெட்கமாக இருக்கிறது. ஏழாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பற்றுச்சீட்டு எழுதச் சொல்லிக்கொடுக்கிறவள் நான்.

அவன் சொன்னதில் தாமேல் வாடகைக் கதை ஒன்றுதான் உண்மை. (இனி அவர் என்று எழுத வராது.) தூக்கப்பையும் அங்கே வாடகைக்குக் கிடைக்கும் என்பதை மட்டும் சொல்லவில்லை.

சப்பாத்தைக் காலுக்குப் பழக்க ஹோர்ட்டன் சமவெளிக்குப் போனோம். ‘உலக முடிவு’ என்ற செங்குத்துப் பள்ளத்தைப் பார்த்துவிட்டுச் சுற்றிவரும் ஒன்பது கிலோமீற்றர் சொச்சம், பெரிய ஏற்றமும் இல்லை. பாதி வழியில் தம்பியின் இடது சப்பாத்து ‘சப்பு சப்பு’ என்று அடிக்க ஆரம்பித்தது. அடி முன்பக்கம் வாயைத் திறந்துவிட்டது. கொஞ்ச தூரத்தில் முழுதாகக் கழன்று சேற்றில் கிடந்தது. என்னுடையதைக் கழற்றி, மேல்தோலுக்கும் அடி ரப்பருக்கும் இடையிலுள்ள சாம்பல் நிற நடுப்பகுதியை விரலால் அழுத்திப் பார்த்தேன். தேநீரில் ஊறிய பிஸ்கட் மாதிரி உதிர்ந்தது. விரல் நுனியெல்லாம் மாவு. தம்பி பையின் வாரைக் கழற்றிச் சப்பாத்தைக் கட்டிக்கொண்டு நொண்டி நொண்டி வான் நின்ற இடத்துக்கு வந்து சேர்ந்தான்.

மறுநாள் பஸ் நிலையத்தடியில் சப்பாத்துத் தைக்கும் ஐயாவிடம் காட்டினேன். புரட்டிப் பார்த்தார், நகத்தால் கீறினார். “டீச்சர், இது போட்டுத் தேய்ந்ததல்ல, போடாமல் செத்தது” என்றார். பிறகு படித்துப் பார்த்தேன், அவர் சொன்னதுதான் சரி. அந்த நடுப்பகுதி பொலியூரித்தேன். பெட்டியிலேயே வருடக்கணக்காகக் கிடந்தாலும் காற்றிலுள்ள ஈரத்தைக் குடித்துக் குடித்து உள்ளுக்குள் சிதைந்துபோகும். நம் மலைநாட்டு ஈரத்தில் கேட்கவே வேண்டாம். வெளியே தோல் பளபளவென்று புதிதாகவே இருக்கும். எங்கோ தேங்கிக் கிடந்த பழைய சரக்கைத் துடைத்து, புதுக் கயிறு கோத்து, 56,000 ரூபாவுக்குத் தலையில் கட்டியிருக்கிறான்.

அதன் பிறகுதான் மற்றவற்றையும் கிளறினேன். தூக்கப்பையில் ‘-20’ என்று ஒரு வெள்ளை ஸ்டிக்கர். ஓரத்தை நகத்தால் தூக்கினால் கீழே கம்பனி அச்சடித்தது தெரிகிறது: சுகமாகத் தூங்க 5 பாகை, தாங்கும் எல்லை 0, கடைசி எல்லை -15. அந்தக் கடைசி எண்ணுக்கு, ஒரு பெண் ஆறு மணி நேரம் உயிரோடு இருக்கலாம் என்றுதான் அர்த்தம், தூங்கலாம் என்றல்ல. அந்த -15கூட அவனுக்குப் போதவில்லை, -20 ஆக்கியிருக்கிறான். கணவாய்க்குக் கீழேயுள்ள முகாமில் ஒக்டோபர் இரவு உறைநிலைக்குக் கீழே போகும். 2014 ஒக்டோபரில் அதே கணவாய்ப் பக்கம் திடீர்ப் பனிப்புயலில் நாற்பதுக்கும் அதிகமானோர் இறந்தார்கள். அந்த இடத்துக்குத்தான் இந்தப் பையைக் கொடுத்து அனுப்பப் பார்த்தான்.

பயணத் திட்டம் இன்னும் மோசம். முதல் நாள் ஜீப்பில் மனாங், 3,500 மீற்றருக்கு மேல். இரண்டாம் நாள் தொரோங் பேடி, 4,400க்கும் மேல். மூன்றாம் நாள் கணவாய். அதோடு ஒரு மாத்திரை அட்டையையும் இனாமாகத் தந்து, “தலைவலி வந்தால் போடுங்கள் அக்கா” என்றிருந்தான். இரண்டையும் எங்கள் வைத்தியசாலை டொக்டரிடம் கொண்டுபோனேன். தாளைப் பார்த்தவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். “இதை எழுதியவர் மலைக்குப் போயிருக்கிறாரா?” என்று கேட்டார்.

அவர் சொன்னதைச் சுருக்கமாகத் தருகிறேன். 3,000 மீற்றரைத் தாண்டியபின் இன்று தூங்கிய இடத்தைவிட நாளை தூங்கும் இடம் 500 மீற்றருக்கு மேல் உயரக் கூடாது. மூன்று நான்கு நாளுக்கு ஒரு நாள் ஏறாமல் தங்க வேண்டும். மனாங்கில் எல்லாரும் இரண்டு இரவு தங்குவது இதற்காகத்தான். நுவரெலியா 1,868 மீற்றர், பீதுருதாலகால உச்சியே 2,524. உயர நோய் (உயரத்தில் ஒட்சிசன் குறைவதால் வருவது) தொடங்குவதே ஏறத்தாழ 2,500இல். ஆகவே நாம் குளிருக்குப் பழகியிருக்கிறோமே தவிர உயரத்துக்கு அல்ல. இலங்கையில் எந்த மலையில் ஏறியும் அதற்குப் பழக முடியாது. அந்த மாத்திரை அசிட்டசோலமைட், உயர நோயைத் தடுக்கப் போடுவது. ஏறுவதற்கு முதல் நாளே தொடங்க வேண்டியது, சல்ஃபா வகை மருந்துகளுக்கு ஒவ்வாமை உண்டா என்று கேட்காமல் யாரும் கொடுக்கக் கூடாதது. தலைவலியோடு வாந்தியும் தள்ளாட்டமும் வந்தால் மாத்திரையைப் போட்டுக்கொண்டு ஏறுவதல்ல, உடனே இறங்க வேண்டும். கணவாயில் மூச்சுக்குக் கிடைக்கும் ஒட்சிசன் கடல் மட்டத்தில் கிடைப்பதில் பாதிதான். ‘மலைநாட்டு உடம்பு’ என்று பெருமைப்பட்டவள் தலையைக் குனிந்துகொண்டு கேட்டேன்.

காப்புறுதி? மின்னஞ்சலில் வந்த பத்திரத்தில் பொடி எழுத்தில் 3,000 மீற்றருக்கு மேல் செல்லாது என்றிருக்கிறது. எங்களுக்கு ஹெலிகொப்டர் தேவைப்பட்டால் அதற்கு மேலேதான் தேவைப்படும். விசா? சார்க் நாட்டவரான நமக்கு வருடத்தின் முதல் பயணத்தில் 30 நாளுக்கு நேபாள விசா இலவசம், விமான நிலையத்திலேயே கொடுப்பார்கள். இலவசத்துக்கு 24,000!

இனி அவன் தட்டிக்கழித்த கதை.

முதல் அழைப்பில் நான் இன்னும் அக்கா. “அக்கா, சப்பாத்துக்கு நல்ல பசை ஒன்று இருக்கிறது, ஒட்டிக்கொள்ளுங்கள்.” 56,000 ரூபாச் சப்பாத்துக்குப் பசை. இரண்டாம் வாரம் டீச்சர் ஆகிவிட்டேன். “டீச்சர், புதுச் சரக்கு சுங்கத்தில் நிற்கிறது, வந்ததும் மாற்றித் தருகிறேன்.” வழிகாட்டியின் பெயரையும் அனுமதி இலக்கத்தையும் கேட்டேன். 2023 ஏப்ரலிலிருந்து அங்கே அனுமதி பெற்ற வழிகாட்டி இல்லாமல் வெளிநாட்டவர் மலைநடை போகக் கூடாது என்று விதி. அதுவரை நான்கு நிமிடக் குரல் பதிவு அனுப்பிக்கொண்டிருந்தவன், கட்டைவிரல் படம் ஒன்றை அனுப்பினான். மூன்றாம் வாரம் மேடம். “மேடம், நீங்கள் முரட்டுத்தனமாக நடந்திருப்பீர்கள், அதற்கு நாங்கள் பொறுப்பல்ல.” அதன் பிறகு பெயருமில்லை, முறையுமில்லை, அழைப்புப் போவதுமில்லை.

நேற்று நேரில் போனேன். கதவு பூட்டு. பக்கத்துத் தேநீர்க் கடைக்காரர் என் முகத்தைப் பார்க்காமலேயே, “அவர் கொழும்புக்குப் போய் மூன்று நாள்” என்றார். கடையின் பக்கவாட்டில் அவன் மோட்டார் சைக்கிள் நின்றது. இருக்கையில் தலைக்கவசம். மழை விட்டு அரை மணி நேரம் ஆகியிருக்கும், தலைக்கவசத்திலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது, வண்டிக்குக் கீழே தரையும் நனைந்திருந்தது; மழைக்குள் வந்து நிறுத்திய வண்டி அது. உள்ளே வானொலிச் சத்தமும் கேட்டது. தட்டினேன். வானொலி நின்றது. கதவு திறக்கவில்லை.

எச்சரிக்கை எழுதுகிறேன் என்று சொல்லிவிட்டு என் வயிற்றெரிச்சலைத்தான் கொட்டியிருக்கிறேன். அவசரமாகச் சிலவற்றையாவது சொல்கிறேன். சாமான் விற்பவனிடமே வழிகாட்டியையும் காப்புறுதியையும் ஒப்படைக்காதீர்கள். சப்பாத்தின் நடுப்பகுதியைக் கடையிலேயே கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள், தயாரித்த வருடத்தைக் கேளுங்கள், வாங்கியதும் வீட்டுப் படியில் ஒரு வாரம் போட்டு நடவுங்கள். ஸ்டிக்கர் இருந்தால் உரியுங்கள். காப்புறுதியில் எத்தனை மீற்றர் என்பதை முதலில் தேடுங்கள். பயண ஏற்பாட்டாளர் என்றால் சுற்றுலா அபிவிருத்தி அதிகாரசபையின் பதிவைக் காட்டச் சொல்லுங்கள், நான் கேட்கவே இல்லை. நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபையின் இலக்கம் 1977, முறைப்பாட்டை எழுத்தில் கொடுக்க வேண்டும், அதை இன்று எழுதுகிறேன். வேறு ஏதாவது இருந்தால் தெரிந்தவர்கள் கீழே எழுதுங்கள், எனக்கு இப்போது ஓடவில்லை.

அம்மாவிடம் இன்னும் முழுத் தொகையைச் சொல்லவில்லை. முப்பதாயிரம் என்று சொல்லிவைத்திருக்கிறேன். அதற்கே இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. 187,500 என்றால் என்ன ஆவாரோ. நேற்றிரவு வாசலில் கிடந்த சப்பாத்துகளைப் பார்த்துவிட்டு, “நல்ல தோல்தானே, தைத்துப் போட்டால் என்ன?” என்றார். பதில் சொல்லவில்லை. உதிர்ந்த மாவோடு நான்கையும் ஒரு பொலித்தீன் பையில் கட்டி வைத்திருக்கிறேன். இன்று சனிக்கிழமை. ஆறேகால் பஸ்ஸில் போனால் அவன் மோட்டார் சைக்கிளை வெளியே எடுப்பதற்குள் அந்தக் கதவடியில் இருப்பேன். தம்பியும் வருகிறான்.