நிஸ்டாட்டின் வாய்வழி மருந்து: கோழியின் புளித்த தீனிப்பைக்குத் தேறுமா?

குழந்தையின் நாக்கில் மாவு படிந்தால் எழுதித் தரும் அதே மஞ்சள் கலங்கல் மருந்துதான். கோழியின் தீனிப்பையில் (கழுத்தடியில் இரை தங்கும் பை) கேண்டிடா என்ற ஈஸ்ட் பெருகிப் புளிப்பேறும்போதும் முதலில் கைகொடுப்பது இதுதான். (1950இல் இதைக் கண்டறிந்த எலிசபெத் ஹேசனும் ரேச்சல் பிரவுனும் நியூயார்க் ஸ்டேட்டின் சுகாதாரத் துறையில் இருந்தவர்கள், மருந்தின் பெயரும் அந்த ஸ்டேட்டின் பெயரிலிருந்து வந்ததுதான்.) மருந்து நல்லது. ஆனால் 'கொடுத்தேன், கேட்கவில்லை' என்ற புகார்களில் பெரும்பாலானவை கொடுத்த விதத்தால் வருபவை.

காரணம் எளிது. நிஸ்டாட்டின் குடலிலிருந்து ரத்தத்தில் ஏறாது. எந்த ஈஸ்ட்டின் மேல் படுகிறதோ அதைத்தான் கொல்லும். தீனிப்பை நிறையப் புளித்த தண்ணீரும் ஊறிய தானியமும் கிடக்கும்போது ஊற்றினால் மருந்து அதில் கலந்து நீர்த்துப் போகும், சுவரைத் தொடாது. நோய் முற்றிய தீனிப்பையின் உட்சுவர் தேங்காய்ப்பூத் துண்டைப் போல வெள்ளையாய், தடித்து, சொரசொரப்பாய் இருக்கும். மருந்து போய்ச் சேர வேண்டிய இடம் அது.

நோய் இதுதானா என்பதை விடியற்காலையில் பார்க்க வேண்டும். இரவு தீவனத்தை எடுத்துவிட்டால், நலமான கோழிக்குக் காலையில் தீனிப்பை தட்டையாக இருக்கும். நீர் நிரம்பிய பலூன் மாதிரித் தளதளத்து, அலகைத் திறந்தால் புளித்த மாவு வாடை அடித்தால் சந்தேகம் சரி. கல் மாதிரி கெட்டியாக இருந்தால் அது அடைப்பு. அதற்கு இந்த மருந்து வேண்டாம். வாயில் மஞ்சள் பாலாடைக்கட்டி போன்ற படிவு இருந்தால் ட்ரைக்கோமோனஸ் என்ற ஒட்டுண்ணி நோயாகவோ அம்மையாகவோ இருக்கலாம். அவற்றை நிஸ்டாட்டின் ஒன்றும் செய்யாது. தீனிப்பை நீரை மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் மொட்டுவிடும் ஈஸ்ட் தெரிந்துவிடும். கால்நடை மருத்துவரிடம் அதைக் கேட்டு வாங்குங்கள்.

முதல் வேலை காலி செய்வது. 12 மணி நேரம் தீவனத்தை நிறுத்தி, தண்ணீர் மட்டும் வைத்து, தீனிப்பையை மெதுவாகப் பிசைந்துவிடலாம். கோழியைத் தலைகீழாகப் பிடித்துக் கக்க வைப்பதை மட்டும் செய்யாதீர்கள். மூச்சுக்குழலின் வாய் நாக்குக்குப் பின்னாலேயே திறந்திருக்கிறது. வெளியே வரும் நீர் அதில் இறங்கினால் கோழி உங்கள் கையிலேயே போய்விடும். வடியாவிட்டால் மருத்துவர் குழாய் விட்டு எடுக்கட்டும்.

அளவுதான் அடுத்த சறுக்கல். வழக்கமான பாட்டிலில் ஒரு மில்லிலிட்டருக்கு 1,00,000 யூனிட். பறவைகளுக்குச் சொல்லப்படுவது கிலோ எடைக்கு 1,00,000 முதல் 3,00,000 யூனிட் வரை, நாளுக்கு இரு வேளை, 7 முதல் 14 நாள். 2 கிலோ பெட்டைக்கு உயர்ந்த அளவில் ஒரு வேளைக்கு 6 மி.லி. ஆகும். 30 மி.லி. பாட்டில் இரண்டரை நாளில் தீர்ந்துவிடும். ஒரு வாரத்துக்கே 84 மி.லி. வேண்டும். ஒரு பாட்டிலோடு நிறுத்துபவர்களுக்குத்தான் நோய் திரும்புகிறது. எடை பார்க்காமல் குத்துமதிப்பாக 1 மி.லி. விடுவதும் வீண்.

பாட்டிலை நன்றாகக் குலுக்குங்கள், மருந்து அடியில் தங்கிவிடும். ஊசி இல்லாத சிரிஞ்சால் அலகின் பக்கவாட்டில் அரை மி.லி. விட்டு, விழுங்கியதும் அடுத்த அரை மி.லி. வாயில் வெள்ளைத் திட்டு இருந்தால் குழாய் வழியாகக் கொடுப்பது தப்பு: மருந்து வாயைத் தாண்டிப் போய்விடும். கொடுத்த பிறகு அரை மணி நேரமாவது தீவனம் வேண்டாம்.

குறை என்று பார்த்தால், பல தயாரிப்புகளில் சுக்ரோஸ் கணிசமாக இருக்கிறது. ஈஸ்ட்டுக்கு எதிரான மருந்தில் ஈஸ்ட்டின் தீனி! சர்க்கரை இல்லாதது கிடைத்தால் அதையே எடுங்கள். திசுவுக்குள் ஊடுருவிய நோய்க்கும் இது போதாது. அப்போது ஃப்ளூகோனசோல் போன்ற, ரத்தத்தில் ஏறும் பூஞ்சை மருந்தை மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும். முட்டையை எத்தனை நாள் ஒதுக்குவது என்பதையும் அவரிடமே கேளுங்கள்.

மாற்றாகப் பலர் சொல்லும் ஆப்பிள் சிடர் வினிகர் இந்த நோயைக் குணப்படுத்தாது. கேண்டிடா அமிலத்திலும் தாராளமாக வளரும். குடிதண்ணீரில் லிட்டருக்கு அரை கிராம் மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) கலந்து வைப்பது பழைய வழி. பலன் சர்ச்சைக்குரியது, அளவு கூடினால் நஞ்சு, தகரத் தொட்டியையும் அரிக்கும். ரொட்டியைப் பாலில் ஊறவைத்துக் கொடுப்பதைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

ஒரு வாரம் சரியாகக் கொடுத்தும் காலையில் தீனிப்பை நிறைந்தே இருந்தால் பாட்டிலை மாற்றாதீர்கள். நீண்ட ஆன்டிபயாடிக், பூசணம் பிடித்த தீவனம், குடற்புழு, ரத்தக்கழிச்சல், வயிற்றில் சிக்கிய முட்டை, மேரக்ஸ் என்ற வைரஸ் நோய் என எது தீனிப்பையை மந்தமாக்கியது என்று தேடுங்கள்.