85,000 ரூபாயும் போச்சு, விவாகரத்தும் ஆகலை: 'பேக்கேஜ்' பேசுபவர்களிடம் மாட்டிக்கொள்ளாதீர்கள்

நேற்று மதியம் மூன்று மணிக்குத்தான் எனக்கே உண்மை தெரிந்தது. ராத்திரி முழுக்கத் தூக்கம் இல்லை. 85,000 ரூபாய் கொடுத்து ஐந்து மாதம் காத்திருந்தேன். கையில் மிஞ்சியிருப்பது ஒரு நூறு ரூபாய் பத்திரத்தாள், அதன் மேல் ஒரு சிவப்பு முத்திரை. அதற்குச் சட்டத்தில் ஒரு மதிப்பும் கிடையாதாம்.

விவாகரத்துக்கு எவ்வளவு செலவாகும், அதை எப்படிக் குறைக்கலாம் என்று தேடிக்கொண்டிருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். நானும் அப்படித் தேடித்தான் 'பேக்கேஜ்' பேசும் ஒரு சேவைக்காரர்களிடம் போய் விழுந்தேன். தெரிந்துகொண்டதை எல்லாம் கடைசியில் சொல்கிறேன், முதலில் நடந்ததைக் கேளுங்கள்.

எங்களுக்குள் வழக்கு வம்பு எதுவும் இல்லை. ஒத்து வரவில்லை, பேசி முடிவெடுத்தோம். 2022 ஆகஸ்டிலிருந்து என் கணவர் கோவையில் இருக்கிறார், நான் மகளோடு பெரம்பூரில் அம்மா வீட்டில் இருக்கிறேன். மகள் என்னிடம் வளர்வது, பள்ளிக் கட்டணம் அவர் கட்டுவது, எனக்கென்று ஜீவனாம்சம் வேண்டாம் என்பது வரை எழுதி வைத்துக்கொண்டோம். இரண்டு பேரும் சம்மதித்துப் போனால் செலவு குறைவு என்று எல்லோரும் சொன்னார்கள். அது உண்மைதான்.

ஆனால் எந்த வக்கீலிடம் போவது? சித்தப்பாவுக்குத் தெரிந்த வக்கீல் இருக்கிறார். அவரிடம் போனால் அடுத்த நாளே திண்டுக்கல்லில் சொந்தபந்தம் முழுக்கத் தெரிந்துவிடும். யாருக்கும் தெரியாமல் முடித்துவிட வேண்டும் என்ற எண்ணம்தான் என்னை இவர்களிடம் கொண்டுபோய் விட்டது. இந்த வெட்கத்தை வைத்துத்தான் அவர்கள் பிழைக்கிறார்கள், இப்போது புரிகிறது.

வக்கீலையும் கட்சிக்காரரையும் இணைத்து வைப்பதாகச் சொல்லும் ஓர் இணையச் சேவை அது. ஊருக்குள் மாடியில் ஓர் அலுவலகமும் உண்டு. புகார் கொடுத்திருப்பதால் பெயரைப் போடவில்லை. "பரஸ்பர விவாகரத்து, முழு பேக்கேஜ் 35,000 மட்டும், கோர்ட்டுக்கு வரத் தேவையில்லை" என்று ஃபோனில் விளம்பரம் வந்தது. எண்ணைக் கொடுத்த பத்தாவது நிமிடம் அழைப்பு வந்தது.

அந்தப் பெண்ணின் குரலை என்னால் மறக்க முடியவில்லை. "அக்கா, நீங்க ஒண்ணும் பயப்படாதீங்க. நானும் இதெல்லாம் தாண்டி வந்தவதான்." அந்த ஒரு வார்த்தையில் நான் கரைந்துவிட்டேன். இரண்டு வருடமாக யாரிடமும் பேசாததை எல்லாம் அவளிடம் கொட்டினேன். நேரில் போனபோது மோர் வாங்கி வரச் சொன்னாள். சுவரில் ஹேங்கரில் கறுப்பு கவுன் தொங்கியது. மேஜையில் தடித்தடியாகச் சட்டப் புத்தகங்கள். என் திருமணச் சான்றிதழ், ஆதார், கல்யாணப் புகைப்படம் எல்லாவற்றையும் ஒரு நீல ஃபைலில் அடுக்கி, அட்டையில் என் பெயரை அழகான கையெழுத்தில் எழுதினாள். "இனிமே இது எங்க பொறுப்புக்கா." நான் அங்கேயே உட்கார்ந்து 35,000 ரூபாயை ஃபோனில் அனுப்பினேன். இரண்டு வருடமாகக் கட்டிய சீட்டுப் பணம் அது.

அந்த வக்கீலின் முகத்தை அன்று நான் பார்க்கவில்லை. "சார் கோர்ட்ல இருக்காரு." அப்போதே எழுந்து வந்திருக்க வேண்டும்.

இரண்டு வாரம் கழித்து முதல் இடி. "அக்கா, உங்க கல்யாணம் திண்டுக்கல்ல நடந்திருக்கு, கடைசியா சேர்ந்து இருந்தது கோவை. சென்னையில போட முடியாது. ஜூரிஸ்டிக்ஷன் மாத்தணும், 15,000 ஆகும்." எந்த ஊர் நீதிமன்றத்தில் வழக்குப் போடலாம் என்பதைத்தான் அப்படிச் சொன்னாள். கொடுத்தேன். நேற்றுதான் தெரிந்துகொண்டேன்: இந்து திருமணச் சட்டத்தின் 19ஆம் பிரிவில் 2003ஆம் ஆண்டிலேயே திருத்தம் வந்துவிட்டது. மனைவி மனு போடுவதாக இருந்தால் அவள் இப்போது குடியிருக்கும் ஊரிலேயே போடலாம். மாற்றுவதற்கு அங்கே ஒன்றுமே இல்லை.

அக்டோபரில் அடுத்தது. பரஸ்பர சம்மதம் என்றால் முதல் மனுவுக்கும் அடுத்த கட்டத்துக்கும் இடையில் ஆறு மாதம் காத்திருக்க வேண்டும், அதைத் தள்ளுபடி செய்ய "உள்ளே பேச வேண்டும்", 25,000 ஆகும் என்றாள். என் கணவருக்கு துபாயில் வேலை கிடைத்திருந்தது, சீக்கிரம் முடிந்தால் நல்லது என்று எனக்கும் தோன்றியது. வளையல் இரண்டையும் அடகு வைத்துக் கொடுத்தேன். ஆறு மாதத்தைத் தள்ளுபடி செய்ய 2017ஆம் ஆண்டிலேயே உச்ச நீதிமன்றம் வழிசொல்லிவிட்டது. பிரிந்து ஒன்றரை வருடத்துக்கு மேல் ஆகியிருக்க வேண்டும், சேர்த்து வைக்கும் முயற்சி பலிக்காமல் போயிருக்க வேண்டும், ஜீவனாம்சம், பிள்ளை விஷயமெல்லாம் பேசி முடித்திருக்க வேண்டும். இதைக் காரணம் காட்டி ஒரு மனு போட்டால் போதும், நீதிபதி பார்த்து முடிவு செய்வார். யாருக்கும் பணம் கொடுத்து உள்ளே பேசும் வேலையே கிடையாது.

நவம்பரில் "கோர்ட் ஃபீஸ், கவுன்சலிங் ஃபீஸ்" என்று 10,000. விவாகரத்து மனுவுக்கு நீதிமன்றக் கட்டணம் மிகச் சிறிய தொகை. குடும்பநல நீதிமன்றத்தில் கவுன்சலிங்குக்குப் பணமே வாங்குவதில்லை. ஆக மொத்தம் 85,000.

அந்த மாதமே என்.எஸ்.சி. போஸ் சாலைக்கு வரச் சொன்னார்கள். அவரும் கோவையிலிருந்து லீவு போட்டு வந்தார். உயர் நீதிமன்றத்துக்கு எதிரே, மர நிழலில் ஒரு மடக்கு மேஜை. அலுவலகப் பையன் பத்திரத்தாளை நீட்டினான். இருவரும் மனமொத்துப் பிரிகிறோம் என்று அதில் தட்டச்சு செய்திருந்தது. கையெழுத்துப் போட்டோம். நோட்டரி எங்கள் முகத்தைக்கூட நிமிர்ந்து பார்க்கவில்லை, முத்திரையை அழுத்திவிட்டு அடுத்த தாளை எடுத்தார். "முடிஞ்சுதுக்கா, ஆர்டர் காப்பி மட்டும் வரணும்" என்று சொல்லி ஒரு ஓ.பி. எண்ணை, அதாவது வழக்கு எண்ணை, துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தான் பையன். அன்று ராத்திரி நான் நிம்மதியாகத் தூங்கினேன். அதை நினைத்தால்தான் இப்போது வயிறு எரிகிறது.

அதற்கு அப்புறம் அலைக்கழிப்புதான். ஆர்டர் எங்கே என்று கேட்டால், நீதிபதி மாறிவிட்டார். அப்புறம் கிறிஸ்துமஸ் விடுமுறை. அப்புறம் பொங்கல். அப்புறம் வக்கீல்கள் புறக்கணிப்பு. அக்கா அக்கா என்று அழைத்தவள் ஜனவரியிலிருந்து என்னை "மேடம்" என்றாள். நான் அனுப்பும் செய்திகளைப் பார்த்துவிட்டதற்கு நீலக் குறி விழும், பதில் வராது. நேரில் போனால் புதிதாக ஒரு பெண் உட்கார்ந்திருக்கிறாள், அவளுக்கு என் கேஸே தெரியாது. பணத்தைத் திருப்பிக் கேட்டபோது ரசீதைத் திருப்பிப் பார்க்கச் சொன்னாள். பின்பக்கம் பொடி எழுத்தில் இருக்கிறது: இது ஆலோசனைக் கட்டணம், திருப்பித் தரப்படமாட்டாது. 85,000 ரூபாய்க்கு நான் என்ன ஆலோசனை பெற்றேன்? ஒரு டம்ளர் மோர் குடித்தேன், அவ்வளவுதான்.

இதற்கு நடுவில் அவர் கோவையிலிருந்து, "பணத்தை நீ என்ன பண்ணின?" என்று கேட்டார். பிரியும்போதுகூட எங்களுக்குள் இப்படி ஒரு வார்த்தை வந்ததில்லை.

நேற்று அரை நாள் லீவு சொல்லிவிட்டு, உயர் நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் குடும்பநல நீதிமன்றத்துக்கு நானே போனேன். எங்கே கேட்பது என்று தெரியாமல் வராண்டாவில் நின்றேன். பெஞ்சில் கட்டுகளைப் பிரித்துக்கொண்டிருந்த வயதான வக்கீல் குமாஸ்தா ஒருவர், என்னம்மா என்று கேட்டார். சீட்டைக் காட்டினேன். தன் ஃபோனில், வழக்கு விவரங்களைக் காட்டும் ஈகோர்ட்ஸ் செயலியைத் திறந்து எண்ணைப் போட்டார். கண்ணாடியை ஏற்றிவிட்டு என்னைப் பார்த்தார். "எப்பம்மா கேஸ் போட்டீங்க?" நவம்பர் என்றேன். "இந்த நம்பர் ஏப்ரல்ல ஃபைல் ஆனது." நான் அந்த அலுவலகத்துக்கு முதல் முதலாகப் போனதே செப்டம்பரில். யாரோ ஒருவருடைய வழக்கு எண்ணை எடுத்து என் கையில் கொடுத்திருக்கிறார்கள்.

"வக்காலத்துல கையெழுத்துப் போட்டீங்களா?" என்றார். இல்லை. "மனுவுல, அபிடவிட்டுல, பக்கத்துக்குப் பக்கம்?" இல்லை. பத்திரத்தாளைக் காட்டினேன். முழுக்கப் படிக்கக்கூட இல்லை அவர். "இது விவாகரத்து இல்லம்மா. நோட்டரி கையெழுத்துல கல்யாணம் முறியாது. ரெண்டு பேரோட சம்மதத்தையும் ஜட்ஜ் கேட்டுத் தீர்ப்பு சொல்லணும்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் தண்ணீர் பாட்டிலை நீட்டிவிட்டுச் சொன்னார்: "பொம்பளைங்களுக்கு வக்கீல் ஃப்ரீம்மா. இதே காம்பவுண்டுலதான் சட்டப்பணிகள் ஆணைக்குழு இருக்கு. அங்க போங்க."

இதுதான் என்னால் ஆறவே முடியாத விஷயம். 1987ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டம், 12ஆம் பிரிவு. பெண்ணாக இருந்தால் வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. வக்கீல் கட்டணத்தையும் நீதிமன்றக் கட்டணத்தையும் அவர்களே பார்த்துக்கொள்கிறார்கள். நவம்பரில் நான் நோட்டரி முன்னால் நின்றபோது அந்த அலுவலகம் சாலைக்கு அந்தப் பக்கம், மதில் சுவருக்குள்ளே இருந்திருக்கிறது. ஒருவரும் சொல்லவில்லை. எனக்குக் கேட்கவும் தோன்றவில்லை. ஒரு பைசா செலவில்லாமல் முடிந்திருக்க வேண்டிய விஷயத்துக்கு 85,000.

இன்று காலை காவல் நிலையம் போனேன். "பணம் கொடுத்து வாங்கினது சிவில் மேட்டர்ம்மா" என்றார்கள். அந்த வழக்கு எண் விஷயத்தைச் சொன்ன பிறகுதான் மனுவை வாங்கிக்கொண்டு, புகாரைப் பெற்றதற்கான சி.எஸ்.ஆர். ரசீது கொடுத்தார்கள். பணம் ஃபோன் வழியாகப் போனதால் இணையப் பணமோசடிப் புகார் எண்ணான 1930க்கும் அழைத்துப் பதிவு செய்திருக்கிறேன். பணம் போய் மாதக்கணக்கில் ஆகிவிட்டதால் பெரிதாக நம்பிக்கை இல்லை. உங்களுக்கு நடந்தால் ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்காமல் அழையுங்கள்.

செலவைக் குறைப்பது பற்றி விரிவாக எழுத நினைத்தேன். இப்போது அதற்குத் தெம்பு இல்லை, முக்கியமானதை மட்டும் சொல்லிவிடுகிறேன்.

பெண்கள் முதலில் சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள், அல்லது இலவச சட்ட உதவி எண்ணான 15100க்கு அழையுங்கள். எல்லா மாவட்ட நீதிமன்றத்திலும் அலுவலகம் இருக்கிறது. பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், வருமானம் குறைந்த ஆண்கள் எல்லோருக்கும் உண்டு. குடும்பநல நீதிமன்றத்தில் வக்கீல் இல்லாமல் நீங்களே ஆஜராகவும் சட்டம் இடம் கொடுக்கிறது.

விளம்பரம் செய்கிறவர்களிடம் போகவே போகாதீர்கள். வக்கீல்கள் விளம்பரம் செய்து கட்சிக்காரர் பிடிக்கக் கூடாது என்பது, வக்கீல்களை ஒழுங்குபடுத்தும் பார் கவுன்சிலின் விதி. இப்படி ஆள் பிடிப்பவர்கள் மேல் நடவடிக்கை எடுக்கச் சொல்லி 2024 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றமே உத்தரவு போட்டது. என் பணம் போனது அதற்கு அப்புறம்.

வக்கீலை நேரில் பாருங்கள். அவருடைய பார் கவுன்சில் பதிவு எண்ணைக் கேளுங்கள், தமிழ்நாட்டில் எம்.எஸ். என்று தொடங்கும். மொத்தம் எவ்வளவு, எந்தக் கட்டத்தில் எவ்வளவு என்று எழுதி வாங்குங்கள். மனு தாக்கலான பிறகு எழுத்தும் எண்ணும் கலந்த 16 இலக்க சி.என்.ஆர். எண் (ஒவ்வொரு வழக்குக்கும் உரிய தனி எண்) கிடைக்கும், அதை ஈகோர்ட்ஸில் நீங்களே போட்டுப் பார்க்காமல் அடுத்த ரூபாயைக் கொடுக்காதீர்கள். கோர்ட்டுக்கு வரவே வேண்டாம், உள்ளே பேசணும் என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள்.

அப்புறம் திருமணச் சான்றிதழ் அசலை யார் கையிலும் கொடுக்காதீர்கள், ஜெராக்ஸ் போதும். என்னுடைய அசல் இன்னும் அந்த நீல ஃபைலில்தான் இருக்கிறது. இன்று மதியம் கேட்கப் போனேன். கதவில் பூட்டு தொங்கியது.