பழைய பர்னெர்ட் சக்கும் நானும்: ஆறு வருட அனுபவம்

எங்கள் பட்டறை லேத்தில் (கடைசல் இயந்திரம்) ஓடுவது 8 அங்குல மூன்று ஜா சக், அதாவது கடையும் பொருளை மூன்று தாடைகளால் கவ்விச் சுழற்றும் பிடி. முகத்தில் 'பர்னெர்ட், மேட் இன் இங்கிலாந்து' என்று பொறித்திருக்கும். பழைய லேத் ஒன்றை வாங்கியபோது கூடவே வந்தது. 1 அங்குல ராடைப் பிடித்து டயல் கேஜ் வைத்துச் சுழற்றிப் பார்த்தால் 0.30 மி.மீ. அவுட், அதாவது அந்த அளவுக்கு ஆட்டம். ஜாக்களை நகர்த்தச் சாவி போட்டுத் திருப்பும் சிறு பற்சக்கரம்தான் பினியன்; மூன்று பினியனில் இரண்டில் சாவி நுழையும் சதுரக் குழி உருண்டுபோயிருந்தது. "எடைக்குப் போட்டுருங்கண்ணா, புதுசு வாங்கிக்கலாம்" என்றான் கூட வேலை பார்க்கும் தம்பி. பிரித்துப் பார்க்காமல் போட எனக்கு மனசு வரவில்லை.

டீசலில் ஊறப்போட்டுக் கழுவியதும் ஸ்க்ரோல், அதாவது மூன்று ஜாவையும் ஒன்றாக நகர்த்தும் சுருள் தட்டு, தெரிந்தது. சுருளின் பக்கச்சுவரில் நகத்தை ஓட்டிப் பார்த்தேன். உள்சுற்றுகளில் லேசான தேய்மானம், உடைசல் எங்கும் இல்லை. பின்புறப் பற்களும் முழுசு. அங்கேயே முடிவு செய்துவிட்டேன். பினியனைச் செய்துகொள்ளலாம், ஜாவை அரைத்துக்கொள்ளலாம். ஸ்க்ரோல் போயிருந்தால் நானே எடைக்குப் போட்டிருப்பேன்.

குழி உருண்டதற்குக் காரணம் கீ (சாவி). இதற்கு வேண்டியது 3/8 அங்குலம், அதாவது 9.5 மி.மீ. சொச்சம். 10 மி.மீ. கீ நுழையாது என்று யாரோ அதை 9-க்கு அரைத்து, பைப் மாட்டி இறுக்கியிருக்கிறார்கள். நல்ல பினியனை மாதிரி காட்டி, கோவை கணபதியில் ஒரு கியர் கட்டிங்காரரிடம் இரண்டு செய்தேன். இஎன்24 என்ற உறுதியான எஃகு, ஹார்டனிங் (கடினமாக்கல்) செய்தது. குழியை ஸ்பார்க் மெஷினில், மின்பொறியால் அரித்து எடுத்தோம். அளவான கீ ஒன்றும் செய்து, பைப் மாட்டக் கூடாது என்று எல்லோரிடமும் சொல்லிவிட்டேன். இன்றுவரை குழியின் மூலை அப்படியே இருக்கிறது.

ஜா விஷயத்தில் ஏமாந்தேன். ஒரு ஜாவில் முனை சிதைந்திருந்தது. உக்கடம் பழைய இரும்புக் கடைகளில் தேடி, பார்வைக்கு அதே மாதிரி ஒன்றை வாங்கி வந்தேன். பாதி தூரம் போய்ச் சிக்கிக்கொண்டது. ஸ்க்ரோல் பிட்ச் (சுருளில் சுற்றுக்குச் சுற்று இடைவெளி) வேறு. பிட்ச் ஒத்துப்போனாலும் ஒற்றை ஜா வாங்குவதில் சிக்கல் உண்டு. மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்: ஒவ்வொன்றிலும் பல் தொடங்கும் இடம் பிட்ச்சில் மூன்றில் ஒரு பங்கு தள்ளியிருக்கும். பிடிமுனைக்கு மிக அருகில் பல் தொடங்குவது 1-ஆம் நம்பர் ஜா. நம்பர் அழிந்துபோன செட்டையும் இப்படியே வரிசைப்படுத்தலாம். கடைசியில் சிதைந்த முனையை வெல்டிங்கில் ஏற்றி, பழைய ஜாவையே வைத்துக்கொண்டேன்.

அடுத்தது அரைப்பு. ஜாக்கள் வாய்ப்பக்கம் விரிந்து, ராடை அடியில் மட்டும் பிடித்தன. முன்பக்கம் செருகிய காகிதம் இழுத்ததும் வந்தது. சும்மா திறந்து வைத்து அரைத்தால் பயனில்லை, ஜா இறுகி நிற்கிற நிலையில் அரைக்க வேண்டும். ஒரு தகட்டில் 120 டிகிரிக்கு ஒன்றாக மூன்று துளை போட்டு, நடுவைத் திறந்துவிட்டேன். ஜாவின் இரு தோள்களும் துளை விளிம்பில் இறுகும், பிடிமுகம் மட்டும் உள்ளே நீட்டி நிற்கும். டூல் போஸ்ட்டில் (லேத்தில் வெட்டுளி மாட்டும் இடம்) கிரைண்டர் கட்டி, லேத்தின் பெட் (அடித்தளம்) முழுக்க ஈரத்துணி போர்த்தி, துளித்துளியாக அரைத்தேன். ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை போனது.

இப்போது 1 அங்குலத்தில் 0.05 மி.மீ. அவுட். 3 அங்குலத்தில் 0.10 வரை போகிறது. ஸ்க்ரோல் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி தேயாததால் அப்படித்தான் இருக்கும். துல்லியம் வேண்டிய வேலை என்றால் நான்கு ஜா சக்குக்கு மாறிவிடுவேன்.

மாதம் ஒருமுறை ஜாக்களைக் கழற்றி, பனியன் வேஸ்ட்டால் துடைத்து, லேசாக எண்ணெய் விடுகிறேன். கிரீஸ் வைப்பதில்லை, வார்ப்பிரும்புத் தூள் அதில் ஒட்டி எமரித் தாள் மாதிரி அரைக்கும்.

இதற்கான, பெரிய பொருளைப் பிடிக்கும் வெளி ஜா செட் இன்னும் கிடைக்கவில்லை. பழைய மெஷின் ஏலம் எங்கே நடந்தாலும் பிட்ச் பார்க்க ஒரு ஜாவைப் பையில் போட்டுக்கொண்டுதான் போகிறேன்.