240 டாலர் கொடுத்து ஏமாந்தேன்: அண்டர்குவில்ட் வாங்கப்போகிறவர்கள் இதைப் படித்துவிடுங்கள்

பத்து நாள் ஆகிறது, கோபம் தணியவில்லை. கடன் அட்டை நிறுவனத்திடம் புகார் நிலுவையில் இருப்பதால் கடையின் பெயரை எழுதவில்லை. முகாம் சாமான்கள் மட்டுமே விற்கும் ஓர் இணையக் கடை, அவ்வளவுதான். எதையெல்லாம் பார்த்து வாங்க வேண்டும் என்பதைக் கடைசியில் விரிவாகச் சொல்கிறேன்.

ஹேமக் என்பது இரண்டு மரங்களுக்கு நடுவே கட்டிக்கொண்டு படுக்கும் தூளி, பெரியவர்களுக்கானது. கோடையில் அதைப்போலச் சுகம் கிடையாது. குளிர்காலத்தில் முதலில் விறைப்பது முதுகு. எவ்வளவு தடித்த தூக்கப்பைக்குள் புகுந்துகொண்டாலும் உடம்பின் பாரத்தில் அதன் அடிப்பக்கம் நசுங்கிவிடும். உள்ளே அடைத்திருக்கும் தூவி, அதாவது பறவையின் மெல்லிய இறகு, நசுங்கினால் அதில் காற்றுத் தங்காது. காற்றுத் தங்காத இடத்தில் சூடும் தங்காது. போதாததற்கு அடியில் குளிர்காற்று ஓடிக்கொண்டே இருக்கும். அதற்குத்தான் அண்டர்குவில்ட். ஹேமக்குக்கு வெளியே, அதன் அடிவயிற்றை ஒட்டித் தொங்கும் மெத்தை அது. உடம்பு அதை அழுத்தாது, அதனால் அதன் உப்பல் குறையாது.

நாங்கள் நியூ ஜெர்சியில் எடிசனில் இருக்கிறோம். நவம்பரில் என் 12 வயது மகனைப் பைன் பேரன்ஸ் காட்டுக்கு, வார்ட்டன் மாநில வனத்துக்கு, அழைத்துப்போவதாகச் சொல்லியிருந்தேன். அங்கே நிலம் முழுக்க மணல். மேகமும் காற்றும் இல்லாத இரவில் சூடு மளமளவென்று இறங்கிவிடும். பக்கத்து ஊர்களைவிடக் குளிர் கூடுதல். இது தெரிந்துதான் செப்டம்பர் கடைசியிலேயே கடைக்குப் போன் செய்தேன்.

எடுத்தவர் இருபது நிமிடம் பேசினார். மகனின் உயரம் என்ன, எடை என்ன, புரண்டு படுப்பானா என்றெல்லாம் கேட்டார். முக்கால் நீளம் வேண்டாம், கால் விறைக்கும், முழு நீளமே வாங்குங்கள் என்றார். 850 ஃபில் பவர் (தூவி எவ்வளவு உப்பும் என்பதன் அளவு) வாத்துத் தூவி, 20 டிகிரி ஃபாரன்ஹீட் வரை தாங்கும், அதாவது மைனஸ் 7 செல்சியஸ். விலை 240 டாலர். நான் தயங்கியபோது, "என் மகளும் இதில்தான் தூங்குகிறாள்" என்றார். அந்த ஒரு வார்த்தைக்குத்தான் அட்டை எண்ணைச் சொன்னேன். பிள்ளையைச் சொல்லி ஒருவர் பொய் சொல்வார் என்று எனக்குத் தோன்றவில்லை.

புதியதை மகனுக்குக் கட்டிவிட்டேன். எனக்கு வீட்டில் கிடந்த பழைய நுரைப்பாய். இரவு இரண்டு மணிக்கு, "அப்பா, முதுகுக்குக் கீழே யாரோ தண்ணீர் ஊற்றியதுபோல் இருக்கிறது" என்று கூப்பிட்டான். தொட்டுப் பார்த்தேன். முதுகு சில்லிட்டுக் கிடந்தது, உதடு நடுங்கியது. தூக்கிக்கொண்டு காருக்கு ஓடினேன். காரின் திரையில் 27 டிகிரி ஃபாரன்ஹீட். 20 டிகிரி வரை தாங்கும் என்று எழுதி விற்ற பொருள்! விடியும்வரை ஹீட்டரைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

வீட்டுக்கு வந்ததும் சமையலறைத் தராசில் வைத்தேன். 600 கிராம் என்று போட்டிருந்தார்கள், 780 காட்டியது. ஓரத்துத் தையலை இரண்டு அங்குலம் பிரித்தேன். தூவி என்றால் ஊதினால் பறக்க வேண்டும். இது தலையணைப் பஞ்சுபோல் இழை இழையாக வந்தது. ஒரு துளி எடுத்துத் தீக்குச்சியைக் காட்டினேன். இறகாக இருந்தால் முடி கருகும் நாற்றம் வந்து பொடியாகும். இது உருகிச் சுருண்டு கறுப்பு மணியாக இறுகிவிட்டது. அத்தனையும் பாலியெஸ்டர்.

அதற்குப்பிறகு நடந்ததுதான் வயிற்றெரிச்சல். முதல் மின்னஞ்சலுக்கு, நீங்கள் கட்டியது சரியில்லை, இடைவெளி விட்டிருப்பீர்கள் என்று பதில். கட்டியிருந்த படத்தை அனுப்பினேன். குளிர் ஆளுக்கு ஆள் வேறுபடும் என்றார்கள். அன்று இருபது நிமிடம் பேசிய அதே குரல் போனில், திருப்பித் தர 30 நாள்தான், அது முடிந்துவிட்டது என்று அரை நிமிடத்தில் வைத்துவிட்டது. கறுப்பு மணியின் படத்தை அனுப்பியதும், தையலைப் பிரித்த பொருளுக்கு நாங்கள் பொறுப்பில்லை என்று கடிதம். பிரிக்காமல் உள்ளே இருப்பது எனக்கு எப்படித் தெரியும்? 240 டாலர் ஐயா! என் பிள்ளை நடுங்கியதற்கு நான் கொடுத்த விலை அது.

விரிவாக எழுத நினைத்தேன், மனம் ஒரு நிலையில் இல்லை. இவற்றை மட்டுமாவது பாருங்கள். ஃபில் பவர் என்பது தூவியின் தரம்தான். உள்ளே எத்தனை அவுன்ஸ் தூவி என்று தனியாகப் போட்டிருக்க வேண்டும், போடாவிட்டால் வாங்காதீர்கள். தூக்கப்பைக்கு ஐஎஸ்ஓ 23537 என்ற சோதனைத் தரம் உண்டு, அண்டர்குவில்ட் அதில் வராது. அந்த டிகிரிக் கணக்கு விற்பவரின் வாய்ச்சொல். வந்த அன்றே எடை போடுங்கள். குளிர்காலத்துக்கென்று வாங்கிப் பெட்டியிலேயே வைக்காமல், திருப்பித் தரும் கெடு முடிவதற்குள் வீட்டுக் கொல்லையிலேயே கட்டி ஓர் இரவு படுத்துப் பாருங்கள். பிள்ளைகளோடு போனால் நுரைப்பாய் ஒன்று கூடவே இருக்கட்டும். அந்த இரவில் என் முதுகு விறைக்கவில்லை.

அட்டை நிறுவனத்துக்கு ரசீது, தராசின் படம், கறுப்பு மணியின் படம் எல்லாம் அனுப்பிவிட்டேன். 240 டாலரில் ஒரு டாலர்கூட இன்னும் வரவில்லை.