ஆரல்வாய்மொழிப் புழுதி, குளச்சல் உப்பு: ஒரே கணினியோடு எட்டு ஆண்டுகள்

2017-இல் வாங்கிய மேசைக் கணினிதான் இன்றும் எங்கள் வீட்டுக்குச் சோறு போடுகிறது. கல்யாண அழைப்பிதழ், கோயில் கொடை நோட்டீஸ், பள்ளி வினாத்தாள் எல்லாம் இதில்தான் வடிவமைக்கிறேன். முதல் நான்கு ஆண்டுகள் பிறந்த ஊரான ஆரல்வாய்மொழியில் இருந்தது. கல்யாணத்துக்குப் பிறகு என்னோடு கடலோரக் குளச்சலுக்கு வந்தது. இரண்டும் கன்னியாகுமரி மாவட்டம்தான். ஆனால், பெட்டிக்குள் படியும் தூசி முற்றிலும் வேறு ரகம்.

ஆரல்வாய்மொழியில் வைகாசி முடிந்ததும் கணவாய் வழியே மேல்காற்று சீறத் தொடங்கும். முப்பந்தல் காற்றாலைகளைச் சுழற்றுகிற அதே காற்று, செங்கல் சூளைப் பக்கத்துப் புழுதியை அள்ளிக்கொண்டு வந்து வீட்டுக்குள் கொட்டும். காலையில் வாரியலால் பெருக்கினால், மதியம் தரையில் காலடித் தடம் தெரியும். கணினியின் பக்கவாட்டுத் தகட்டைத் திறந்தால் உள்ளே செம்பொடி பூசியிருக்கும். இருந்தாலும் அது காய்ந்த தூசி. பெட்டியைத் திண்ணைக்குத் தூக்கி வந்து, பெயிண்ட் பிரஷ்ஷால் தட்டி, கையடக்க ஊதியால் ஊதினால் கால் மணி நேரத்தில் போய்விடும்.

குளச்சலிலும் அதையே செய்தேன். மேலே இருந்தது மட்டும் பறந்தது. கணினியின் மூளையான பிராசஸரின் மேல், அதன் சூட்டை இழுக்க அமர்ந்திருக்கும் அலுமினியத் தகடுகளுக்கு நடுவே சாம்பல் நிறத்தில் கம்பளித் துணிபோல ஒன்று அப்படியே நின்றது. விரலால் தொட்டால் பிசுபிசுத்தது. கடற்காற்றின் உப்பு ஈரத்தை உறிஞ்சும். அந்த ஈரத்தில் தூசியும் தலைமுடியும் தும்பு இழையும் சேர்ந்து இறுகிவிடும். காற்று நுழைய வழியில்லாமல், பெரிய கோப்பைத் திறந்தாலே மின்விசிறி அலறியது. வெப்பநிலை 91 டிகிரி காட்டியது. சூடு இதற்கும் மேலே ஏறினால் பிராசஸர் தன்னைக் காத்துக்கொள்ளத் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். கணினி பழசாகிவிட்டது என்று நாம் நினைப்பது பல நேரங்களில் இதைத்தான்.

ஒரு பழுது பார்க்கும் கடையில் கொடுத்தேன். டயருக்குக் காற்றடிக்கும் கம்ப்ரசரை வைத்து ஊதினார்கள். தொட்டியில் தேங்கிய தண்ணீரும் சேர்ந்து தெறித்தது. தறிகெட்டுச் சுழன்ற விசிறியின் இறகு ஒன்று முறிந்தது. அன்று எனக்கு வந்த கோபம் இன்னும் ஆறவில்லை. விசிறியை ஒரு விரலால் பிடித்துக்கொண்டு ஊதியிருந்தால் போதும்.

அதன்பின் நானே செய்கிறேன். மின்கம்பியைப் பிடுங்கிவிட்டு, எஞ்சிய மின்சாரம் இறங்குவதற்காக ஆன் பொத்தானைப் பத்து நொடி அழுத்திப் பிடிப்பேன். அலுமினியத் தகடும் விசிறியும் சேர்ந்த குளிர்விப்பானின் நான்கு கால்களையும் அம்புக்குறி காட்டும் பக்கம் திருப்பி மேலே இழுத்தால் கையோடு வந்துவிடும். விசிறியைத் தனியே கழற்றி வைத்துவிட்டு, அலுமினியப் பகுதியை மட்டும் சோப்புத் தண்ணீரில் ஊறப்போட்டுப் பழைய பல் பிரஷ்ஷால் தேய்ப்பேன். உப்பு பிரஷ்ஷுக்கு மசியாது, தண்ணீரில் கரையும். முதல் தடவை அந்தத் தண்ணீர் பாத்திரம் கழுவிய தண்ணீர்போலக் கலங்கியதைப் பார்த்து மாமியாரே அருகில் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். முழுநாள் வெயிலில் காய வைத்து, பிராசஸரில் காய்ந்து கிடக்கும் பழைய தெர்மல் பேஸ்ட்டை (சூட்டைத் தகட்டுக்குக் கடத்தும் பசை) ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, புதிதாக ஒரு பட்டாணி அளவு வைத்து மூட வேண்டும். கால்களைக் குறுக்கு மறுக்காக அழுத்துங்கள். நான்கும் 'டக்' என்று விழ வேண்டும். ஒன்று விழாவிட்டாலும் சூடு குறையாது. எல்லாம் முடிந்து அதே கோப்பைத் திறந்தபோது 66 டிகிரி.

கணினிக்குள் மின்சாரம் கொடுக்கும் மின்வழங்கிப் பெட்டியை (SMPS) மட்டும் பிரிக்காதீர்கள். மின்சாரத்தைத் துண்டித்த பிறகும் உள்ளே இருக்கும் மின்தேக்கிகள் ஆபத்தான மின்னழுத்தத்தைத் தேக்கி வைத்திருக்கும். அதை வெளியிலிருந்து ஊதுவதோடு சரி.

ஒரு ஐப்பசி மழையில் திரை வராமல் பீப் ஒலி மட்டும் கேட்டது. ராம் (RAM) எனும் நினைவக அட்டையின் பொன்னிறப் பற்களில் மங்கல் படிந்திருந்தது. வெள்ளை ரப்பரால் மெல்லத் தேய்த்து, துகளைத் துடைத்துப் பொருத்தியதும் உயிர் வந்துவிட்டது.

ஆரல்வாய்மொழியில் ஆவணியில் ஒரு தடவை சுத்தம் செய்தால் ஆண்டு முழுக்கப் போதுமாக இருந்தது. இங்கே நான்கு மாதத்துக்கு ஒரு தடவை திறக்கிறேன். பெட்டியைத் தரையிலிருந்து ஓரடி உயர முக்காலியில் ஏற்றி, கடல் பக்கச் சன்னலுக்கு எதிர்ச் சுவரோரம் மாற்றிய பிறகு கம்பளி படிவது கண்கூடாகக் குறைந்திருக்கிறது. பின்பக்கத் திருகாணிகள் துருப்பிடித்ததற்கு மட்டும் வழி தெரியாமல் இருந்தேன். போன மாதம் நான்கையும் எடுத்துவிட்டுத் துருப்பிடிக்காத எஃகுத் திருகாணிகளைப் போட்டிருக்கிறேன்.