கடை பில் மென்பொருள்: இ-இன்வாய்ஸ் அப்டேட் தாமதமும் கல்லாவில் நிற்கும் வாடிக்கையாளரும்

கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸ், மஸ்ஜித் இந்தியா கடைகளில் பரவலாக ஓடும் வகை மென்பொருள்தான் இது: ஒருமுறை விலை கொடுத்துக் கணினியில் ஏற்றுவது, பிறகு ஆண்டுக்கு ஆண்டு பராமரிப்புக் கட்டணம். பார்கோடு, 5 சென் ரவுண்டிங், நாள் கணக்கு எதிலும் குறையில்லை. கோபமெல்லாம் அப்டேட் மேல்தான். ஆண்டு விற்பனை 50 லட்சம் வெள்ளிக்கு (ரிங்கிட்) மேல், 2.5 கோடி வரை உள்ள கடைகளுக்கு 2025 ஜூலை 1 முதல் இ-இன்வாய்ஸ், அதாவது வரி வாரியத்தில் மின்வழியில் பதியும் பில், கட்டாயம் என்பது ஊரறிந்த தேதி. அப்படியும் மென்பொருள் விற்றவரைக் கேட்கும்போதெல்லாம் "அடுத்த வாரம்" என்ற பதில்தான். கடைக்கென்று பில் வடிவத்தை மாற்றி வாங்கியிருந்தால் அதைத் தனியாகச் சோதிக்க வேண்டும், இன்னும் தள்ளிப்போகும். இதை விற்கும்போதே சொல்லியிருக்க வேண்டும்.

"அண்ணே, கம்பெனி பேருக்கு இ-இன்வாய்ஸ் வேணும்" என்பவரிடம் "சிஸ்டம் இன்னும் வரல" என்று கைவிரிக்காதீர்கள். வரி வாரியத்தின் மை இன்வோய்ஸ் தளம் இலவசம், கையாலேயே பதியலாம். கம்பெனி பெயர், டின் எண் (வரி அடையாள எண்), பதிவு எண், முகவரி, தொலைபேசி, மின்னஞ்சல் ஆகியவற்றை நோட்டில் எழுதி வாங்குங்கள். பில்லின் பின்னால் வேண்டாம், அது வாடிக்கையாளரோடு போய்விடும். "நாளை சாயங்காலத்துக்குள் மின்னஞ்சலில் வரும்" என்று உங்களால் முடிகிற நேரத்தைச் சொல்லுங்கள். அப்டேட் வரும் தேதியை மட்டும் வாடிக்கையாளரிடம் சொல்லவே சொல்லாதீர்கள், அது உங்கள் கையில் இல்லை.

இங்கேதான் பலர் மாட்டுகிறார்கள். தளத்தில் கையால் பதிந்த பில் எதுவென்று மென்பொருளுக்குத் தெரியாது. தனி இ-இன்வாய்ஸ் கேட்காதவர்களின் விற்பனையைச் சேர்த்து, மாதம் முடிந்து 7 நாளுக்குள் அனுப்பும் மொத்த இ-இன்வாய்ஸில் அதே விற்பனை மறுபடி ஏறிவிடும். தனியாகப் பதிந்த பில் எண்களைக் கழித்த பிறகே அனுப்புங்கள். தவறி அனுப்பினால் 72 மணி நேரத்துக்குள் ரத்து செய்யலாம். அதற்குப் பின் அந்தத் தொகையைக் கழித்துக் காட்டும் கிரெடிட் நோட்தான்.

ஒருவழியாக அப்டேட் வந்தால், மாதத்தின் முதல் 7 நாளில் ஏற்றாதீர்கள். தீபாவளி நெருக்கத்திலும் வேண்டாம். கடை அடைத்ததும் டேட்டாபேஸைத் தனி டிரைவில் பேக்கப் எடுத்து, முதலில் சர்வர், பிறகு ஒவ்வொரு கவுண்டராக ஏற்றுங்கள். ஒரு கவுண்டர் பழைய பதிப்பில் நின்றாலும் இருப்புக் கணக்கு குழம்பக்கூடும். பழைய சரக்குகளுக்கு வகைப்பாட்டுக் குறியீடு (சரக்கு எந்த வகை என்று இ-இன்வாய்ஸில் காட்டும் எண்) காலியாக இருக்கிறதா பாருங்கள். இருந்தால் இன்வாய்ஸ் திரும்பி வரும். கடைசியாகத் தமிழில் பெயர் உள்ள சரக்கு ஒன்றுக்கு 80 மில்லிமீட்டர் பிரிண்டரில் பில் அடியுங்கள். எழுத்துக்குப் பதில் கட்டம் விழுந்தால், காலையில் கடை திறக்கும் முன்பே பிரிண்டர் டிரைவரை மறுபடி போட்டுவிடுங்கள்.