பைத்தானில் வரியை உடைக்க: ஸ்பிளிட்டா, ரெஜெக்ஸா?

மீன் இறங்குதளப் பதிவில் ஒரு வரி: ‘பாம்பன், நண்டு  12.5’.

ஸ்பிளிட் என்பது வரியைத் துண்டுகளாக்கும் பைத்தான் (நிரல்மொழி) கட்டளை. அடைப்புக்குள் எதுவும் தராமல் அதைப் போட்டால் மூன்று துண்டு. இரட்டை இடைவெளி தொல்லை தராது. ஆனால் ‘பாம்பன்,’ என்று காற்புள்ளி ஒட்டிக்கொண்டே வரும். இடைவெளியைக் குறியாகக் கொடுத்தீர்களோ, நடுவில் வெற்றுத் துண்டு ஒன்று முளைக்கும்.

ரெஜெக்ஸ், அதாவது எந்த வகை எழுத்துகளைப் பிடிக்க வேண்டும் என்று குறிகளால் சொல்லும் முறை, காற்புள்ளியைக் கழற்றிவிடும். ஆனால் பலரும் கண்ணை மூடிக்கொண்டு போடும் ‘பேக்ஸ்லாஷ் டபிள்யூ பிளஸ்’ (எழுத்து, எண், அடிக்கோடு ஆகியவற்றின் தொடரைப் பிடிக்கும் குறி) தமிழைக் கொத்திவிடும்: ‘பாம்பன்’ என்பது ‘ப’, ‘ம’, ‘பன’ ஆகும். பைத்தானோடு வரும் ‘ஆர்ஈ’ என்ற ரெஜெக்ஸ் தொகுப்பு மெய்யெழுத்தின் புள்ளியையும் துணைக்காலையும் எழுத்தாக எண்ணாததே காரணம். சதுர அடைப்புக்குள் தமிழின் யூனிகோடு எல்லையையும் (ஹெக்ஸில் 0பி80 முதல் 0பிஎஃப்எஃப் வரை) 0-9ஐயும் சேருங்கள். தசமப் புள்ளியை விட்டால் 12.5 கிலோ இரண்டாக உடையும்.

காற்புள்ளி மட்டும்தான் சிக்கல் என்றால் ஸ்பிளிட்டுக்குப் பின், காற்புள்ளியை அடைப்புக்குள் கொடுத்து ஸ்ட்ரிப் (துண்டின் இரு முனைகளிலும் அதை நீக்கும் கட்டளை) போட்டால் போதும். ரெஜெக்ஸ் தேவையே இல்லை.